உப்புச் சாக்கில் வைத்த கப்பை

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த சந்தில், மழைக்காலத்துச் சாப்பாட்டைச் சித்திரை வெயிலிலேயே சேர்த்து வைத்துவிடுவார்கள். மார்கழி தொடங்கிச் சித்திரை வரைக்கும் சுக்கும் மிளகும் குடோன்களில் வந்து குவியும். பெண்களுக்குச் சுக்குப் பொறுக்கும் வேலை, ஆண்களுக்கு மூட்டையும் கைவண்டியும். வைகாசி பாதியில் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், சரக்கு நின்றுவிடும், குடோன் கதவு பாதிதான் திறக்கும். அப்புறம் ஓணம் வரைக்கும் கையில் காசு புரளாது. வெயிலில் சம்பாதித்ததை மழையில் தின்ன வேண்டும். அந்தச் சந்தில் எல்லோருடைய வருஷமும் இப்படித்தான் நடந்தது.

நான் அங்கே தங்கினதே ஒரு தற்செயல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மதுரையில் ஓட்டலில் தண்ணீர் சுமந்தேன். கோயம்புத்தூரில் மில் வாசலில் நின்றேன், உள்ளே எடுக்கவில்லை. ஆனால் அங்கேதான் கல்யாணம் ஆயிற்று. மனைவிக்கு அவினாசிப் பக்கம். பஞ்சு ஏற்றிய லாரியில் ஒருநாள் கொச்சிக்கு வந்தோம். கைவண்டி இழுக்க ஆள் கேட்டார்கள், நின்றுவிட்டேன். வேறு ஊராக இருந்தால் மழை தொடங்கியதும் கிளம்பியிருப்பேன். மகள் பிறந்த பிறகு அப்படிக் கிளம்ப முடியவில்லை.

அந்த மகளைத்தான், நான் சொல்லும் இந்த வருஷத்துக்கு முந்தின மழைக்கு எங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனது. கையிருப்பு ஆடியிலேயே தீர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். ஓணம் கழிந்து அழைத்து வந்தபோது நான்கு வயசுப் பிள்ளை, சாயங்காலம் ஆனால் போதும், “வீட்டுக்கு எப்பப் போலாம்?” என்று எங்களிடமே கேட்டது. மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவாள். இந்த மழைக்குப் பிள்ளை எங்களோடுதான் இருக்கும் என்று அவள் முடிவு செய்தாள். வெற்றிலைகூட நிறுத்தினாள். எனக்குச் சாயா ஒருவேளைதான். சம்பளத்தில் மிஞ்சியது எல்லாம் மழைக்கு என்று போனது.

மழைக்கு முக்கியமாக வாங்குவது கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு. கிழக்கு மலையிலிருந்து வள்ளம் என்கிற நாட்டுப் படகுகளில் கடவுத்துறைக்கு வரும். அதைத் தோலுரித்து, சீவி, அரை வேக்காடு வைத்து, வெயிலில் காய வைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். மழை முடியும் வரைக்கும் கெடாது. ஊற வைத்து வேக வைத்தால் வயிறு நிறையும். கூடவே கொஞ்சம் கருவாடு, புளி, விறகு. அரிசி பிள்ளைக்கு மட்டும், ஒரு வேளைக்கு.

இப்படிக் கப்பை வாட்டுகிற நாளில் சந்தே ஒன்றுகூடும். வார்ப்பு என்கிற பெரிய அண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டுக் கிழங்கு முடிந்ததும் அடுத்த வீட்டுக் கிழங்கைப் போடுவார்கள். சுக்கு காய வைக்கும் குடோன் முற்றத்தில், காவல்காரனைக் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பரப்புவோம். எங்கள் பங்கு நன்றாகக் காய்ந்தது. மனைவி ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். சடக்கென்று ஒடிந்தது. எனக்கும் அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

வைப்பதற்குச் சாக்கு வேண்டியிருந்தது. புதுச் சாக்குக்குக் காசு போட மனசில்லை. பஜாரில் உப்பு மண்டிக்கு மூட்டை இழுக்கும்போது, கிழிந்த சாக்குகளை அங்கே ஓரமாகப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டேன், எடுத்துக்கொள் என்றார்கள். கொண்டுவந்ததும் மனைவிக்கும் பிடித்துப்போயிற்று. அவள் ஊரில் சோளத்தை உப்புச் சாக்கில் கட்டி வைப்பார்களாம், வண்டு அண்டாதாம். கிழிசலைத் தைத்து, கப்பையை நிரப்பி, சுவரோரம் பலகை போட்டு அடுக்கினாள். செலவில்லாமல் முடிந்த ஒரே காரியம் அதுதான்.

மழை சரியான நாளில் இறங்கியது. இறங்கியது நிற்கவில்லை. கடலில் ஓதம் ஏறும்போது சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர், ஆனால் எங்கள் படி உயரம், உள்ளே வராது. அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனி பாதியில் ஒருநாள் மனைவி சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கூரை ஒழுகுதுங்களா?” என்றாள். அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. ஆனால் சாக்கு நனைந்திருந்தது. அவிழ்த்தால் புளித்த வாடை. கப்பைத் துண்டுகள் தொட்டால் வளைந்தன. மேலே சாம்பல் நிறத்தில் பூசணம்.

பக்கத்து வீட்டுச் சேச்சியை மனைவி கூப்பிட்டாள். இருபது வருஷம் சுக்குக் குடோனில் வேலை செய்தவள். சேச்சி குனிந்து சாக்கை மோந்தாள். பிறகு நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

“உப்புச் சாக்கிலோ வெச்சது?”

“ஆமாங்க சேச்சி. வண்டு வராதுன்னு.”

“வண்டு வராது, சரி. இந்த மழையில உப்பு சும்மா இருந்தாலே வெள்ளம் குடிக்குமே மோளே. காத்துல இருக்கிற வெள்ளம் மொத்தம் இது குடிச்சு.” வெள்ளம் என்றால் அவள் பேச்சில் தண்ணீர். என் பக்கம் திரும்பினாள். “நீங்க பாண்டிக்காரங்களுக்கு வெயில் அறியும், மழை அறியாது.”

தமிழர்களை அங்கே பாண்டி என்றுதான் சொல்வார்கள். அவள் சொன்னதில் கேலி பாதி, வருத்தம் பாதி. மனைவியின் ஊரில் வருஷத்துக்கு நான்கு மழை பெய்தால் அதிகம். அங்கே உப்புச் சாக்கு காய்ந்தேதான் கிடக்கும். அவளுக்கு இது எப்படித் தெரியும்?

கெட்டதைப் பொறுக்கி எறிந்தோம். மிச்சத்தைக் காய வைக்க வேண்டும், வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பிரம்புத் தட்டில் வைத்தோம். ஒரு தட்டு காய்வதற்கு ஒரு பகல் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். விறகும் மழைக்கென்று அளந்து வைத்ததுதான். கப்பையைக் காப்பாற்றினால் அதை வேக வைக்க விறகு இருக்காது. விறகைக் காப்பாற்றினால் வேக வைக்கக் கப்பை இருக்காது. மனைவி தட்டையும் பார்ப்பாள், விறகையும் பார்ப்பாள். கொஞ்சம் எரிப்பாள், பிறகு இழுத்து அணைப்பாள். அதில் இரண்டும் குறைந்தன.

பக்கத்தில் சுள்ளிக்கல் என்ற இடத்தில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. பாலக்காட்டு ராவுத்தர் நடத்தினார், எங்களோடு தமிழில்தான் பேசுவார். ரொட்டி எடுத்த பிறகும் அந்த அடுப்பு வெகு நேரம் சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு சாக்கு கப்பையைத் தார்ப்பாயில் மூடி, கைவண்டியில் வைத்து இழுத்துப் போனேன்.

“என்னப்பா, கருவாடா?” என்றார்.

“கப்பை, ராவுத்தரே. அடுப்புச் சூட்டில் கொஞ்சம் உலர்த்திக்கிறேன்.”

“ரொட்டி அடுப்புல கப்பையா. நாளைக்கு ரொட்டியில இந்த வாடை அடிச்சா வாங்குறவன் வந்து என் தாடியைப் பிடிப்பான்.” சொல்லிக்கொண்டே அடுப்புக் கதவைத் திறந்துவிட்டார். “சீக்கிரம் பரப்பு. பொம்பளைப் பிள்ளைதானே உனக்கு?”

“ஆமா.”

“சாப்பிடுற பிள்ளையா?”

“கொடுத்தா சாப்பிடும்.”

அவர் சிரித்தார். வெளியே எடுத்தபோது மேல்பக்கம் கருகி, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ராவுத்தர் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, “இந்த அடுப்புக்கு ரொட்டிதான் தெரியும், நான் என்ன செய்ய” என்றார். உடைந்த ரொட்டி இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் போனபோது ரொட்டியில் வாடை வந்துவிட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் பிறகு போகவில்லை.

கருகினதில் தேறியதை மனைவி வேக வைத்தாள். கசந்தது. நாங்கள் தின்றுவிட்டோம். பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டு, “இது வேண்டாம், நாளைக்குச் சாப்பிடறேன்” என்றது. மறுநாளும் அதையே சொன்னது. அரிசிப் பானையில் மனைவி கை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

“ரெண்டு பேருன்னா ஓணம் வரைக்கும் இழுத்துப் போடலாமுங்க. மூணு பேருக்கு வராது,” என்றாள்.

“எங்கேயாவது வேலை கேட்டுப் பார்க்கிறேன்.”

“பார்த்துட்டுத்தானே இருக்கீங்க.”

அது உண்மை. எறணாகுளத்தில் பிராட்வேயில் கடை கடையாகக் கேட்டேன். தேவரா வரைக்கும் நடந்தேன். மழையில் எல்லா இடத்திலும் என்னைப் போலவே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மனைவியின் அக்கா புருஷன், என் சகலை, நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை துறைமுகத்துக்கு லாரியில் வருவார். ஆடியில் வந்தபோது வழக்கம்போல வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கப்பை கெட்டதை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டு வாடையே சொல்லியிருக்கும்.

“என்ன சகலை, சாராயம் காய்ச்சுறீங்களா?”

“கப்பை.”

“அப்படியா. நான்கூட எனக்குச் சொல்லாமக் காய்ச்சுறீங்களோன்னு பார்த்தேன்.” பிறகு பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “கண்ணு, லாரியில முன்னால உக்காந்துட்டு வர்றியா? ஆரன் நீதான் அடிக்கணும்.”

பிள்ளை உடனே எழுந்து போய்த் தன் பாவாடையை எடுத்துக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை மனைவி தடுத்திருப்பாள். தலை சீவிவிட்டாள், பின்னலை இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னினாள். லாரி நின்ற இடம் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு போனேன். சந்தில் தண்ணீர் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஆரனை அடித்துப் பார்த்தது. சகலை, “போதும் கண்ணு, போலீசு வருவான்” என்றார். லாரி போய்விட்டது.

மனைவி சொன்ன கணக்கு சரியாக இருந்தது. இருந்த கப்பையும் விறகும் ஓணம் வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கு வந்தன. ஒருநாள்கூடப் பட்டினி இல்லை. ஓணம் கழிந்து நான் கோயம்புத்தூர் போனேன். அதற்குள் மனைவியின் அக்கா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். மத்தியானம் அங்கேயே சோறு போடுகிறார்கள் என்றாள். நடுவில் நிறுத்தினால் படிப்பு கெட்டுவிடும் என்றும் சொன்னாள். படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது? பிள்ளை ஸ்லேட்டில் எழுதிக் காட்டியது. அன்றைக்கு இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன். மனைவி வாசலில் நின்று என் பின்னால் பார்த்தாள். அப்புறம் சோறு போட்டாள்.

அடுத்த சித்திரையில் கப்பை வள்ளங்கள் வந்தன. போன வருஷம் எங்களுக்குக் கொடுத்த வள்ளக்காரன், கேட்காமலே அதே அளவு நிறுக்கத் தொடங்கினான். மனைவி தராசில் கை வைத்தாள்.

“இத்தனை வேண்டாங்க. நாங்க ரெண்டு பேருதான்,” என்றாள்.

அவன் கொஞ்சம் கிழங்கைத் திரும்ப வள்ளத்தில் எறிந்தான். மிச்சத்தை நான் கைவண்டியில் ஏற்றினேன்.