ஐஸ் பிளாண்ட் பரிமளாவின் ஆள் கணக்கு

நான்கு வருடம் எட்டு மாதம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்டில் படகுகளுக்கு ஐஸ் சீட்டு எழுதும் பரிமளா, "காலு மரத்துப் போகுது" என்று முதன்முதலாக ஒரு டாக்டரிடம் சொன்ன நாளுக்கும், அவள் வியாதிக்குப் பெயர் சொல்லப்பட்ட நாளுக்கும் நடுவே போன காலம் அது. முதலில் சத்துக் குறைவு என்றார்கள். அப்புறம் கழுத்தெலும்புத் தேய்மானம். வலது கண் மூன்று வாரம் புகை மூடிக் கிடந்தபோது கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள். உழைக்கிற பெண் அசதியாக இருக்கிறது என்றால் யார் காதில் விழும்?

பெயர் கடைசியில் தஞ்சாவூரில் கிடைத்தது: மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய படையே நரம்பின் மேலுறையை அரித்துத் தின்கிற வியாதி. நடையை அது கொஞ்சம்தான் தின்றது. ஞாபகத்தில்தான் அதிகம் கை வைத்தது.

பரிமளாவின் ஞாபகம் அவளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்த பிளாண்டில் பதினோரு விசைப்படகுகள் ஐஸ் ஏற்றும். திங்கள், புதன், சனி காலையில் படகு கிளம்பும், மறுநாள் திரும்பும். கடலுக்குப் போக அனுமதி தரும் டோக்கன் ஆபீஸ் பட்டியலில் ஒருவன் பெயர் இருக்கும். படகில் வேறொருவன் இருப்பான். காய்ச்சல், சண்டை, கல்யாணம் என்று கடைசி நிமிடத்தில் ஆள் மாறும். மாறின ஆளைக் கண்ணால் பார்ப்பது ஐஸ் ஏற்றும் இடத்தில் மட்டும்தான். ஆகவே எல்லை தாண்டினதாக நடுக்கடலில் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தால், பெண்கள் முதலில் ஓடி வருவது பரிமளாவிடம். யார் எந்தப் படகில் என்று அவள் சொல்வாள். பத்து வருடம் ஒரு பெயர்கூடத் தவறியதில்லை.

தவறியது ஒரு மாசி மாதத்தில். சிவாவின் படகு பிடிபட்டது. முத்தாள் வந்து, தன் புருஷன் பிச்சை எதில் போனார் என்று கேட்டாள்.

"பிச்சையண்ணன் ராக்கன் படகு, மதினி. அது என்ஜின் கோளாறுன்னு கோட்டைப்பட்டினத்துல ஒதுங்கியிருக்கு. பத்திரம்."

பிச்சை சிவா படகுக்கு மாறினதைப் பரிமளா பார்த்திருந்தாள், காதாலும் கேட்டிருந்தாள். ஆனால் மண்டையில் நிற்கவில்லை. நிற்காத இடத்தைப் பழைய வழக்கத்தை வைத்து நிரப்பிவிட்டாள். மறுநாள் மத்தியானம் பிடிபட்டவர்கள் பட்டியலில் பிச்சை பெயர் இருந்தது.

"ஒன் ஒத்தை வார்த்தைய நம்பி மீன்கொழம்பு வச்சுத் தின்னுட்டுத் தூங்கினேன்டி," என்று முத்தாள் பிளாண்ட் வாசலில் நின்று கத்தினாள். "எம்புருஷன் ஜெயில்ல கெடக்கையில நான் கொறட்டை விட்டிருக்கேன்!"

பிச்சை இரண்டு மாதத்தில் வந்துவிட்டார். போன நம்பிக்கை வரவில்லை. பெண்கள் டோக்கன் ஆபீஸ் வாசலுக்கே போய்விட்டார்கள். மேனேஜர் செல்லமுத்து, "நீ சீட்டை மட்டும் எழுது ஆத்தா, போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளை அறுத்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஞாபகப் பயிற்சி கொடுக்கிற சத்யா என்ற பெண்ணிடம் பரிமளாவை அனுப்பினார்கள். சத்யா பதினைந்து சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னாள். நாலு வந்தது. மறுபடி வாசித்தாள். அப்படி ஐந்து தடவை. அரை மணி நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, திடீரென்று அதே சொற்களைக் கேட்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு மறதியே இல்ல."

"என்ன மேடம் கேலி பண்றீங்க?"

"அஞ்சாவது வாட்டி பன்னெண்டு சொன்னீங்க. அரை மணி கழிச்சும் பதினொண்ணு சொல்றீங்க. உள்ள ஏறினது எறங்கலை. ஏத்துறதுதான் கஷ்டமா இருக்கு. மத்தவங்களுக்கு ஒரு வாட்டி போதும்னா ஒங்களுக்கு அஞ்சு வாட்டி."

பரிமளா தன் தலை ஓட்டைக் கூடை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கூடை முழுசாக இருக்கிறது! "இன்னொருக்காக் கேளுங்க மேடம்," என்றாள். இன்னொரு தடவையும் பதினொன்று வந்தது.

"ஆள் பேரை எழுதி வச்சுக்கலாமே அக்கா?"

"கடலுக்குப் போற ஆளு பேரப் பொம்பளை எழுதி வைக்கக் கூடாது மேடம். திரும்புறதுக்கு முன்னாடி எழுதினா கருமாதிப் பத்திரிகை மாதிரிம்பாங்க."

"டோக்கன் ஆபீஸ்ல எழுதுறாங்களே?"

"அது அரசாங்கம். அரசாங்கம் எழுதுறது எது பலிச்சிருக்கு?"

சத்யா சிரித்துவிட்டாள். மாத்திரைக்கும் அடுப்புக்கும் நோட்டு, போனில் அலாரம் என்று ஏற்பாடானது. ஆள் கணக்குக்கு வேறு வழி: பெயர்களைக் கோத்து ஒரு கதை கட்டி, அதைக் கண்ணுக்குள் படமாகப் பார்ப்பது. "நீங்களே கட்டணும். நான் கட்டிக் குடுத்தா ஒட்டாது."

வாரம் இரண்டு நாள், ஐந்து வாரம். விடியற்காலை பஸ், கழுத்தில் ஈரத்துண்டு. வெயில் ஏறினால் இந்த வியாதிக்காரருக்குக் கண்ணும் புத்தியும் சேர்ந்து மங்கும்.

பிளாண்டுக்குத் திரும்பியதும் செல்லமுத்துவிடம் ஒன்று கேட்டாள். "ஒரு நேரத்துல ஒரு படகுக்கு ஐஸ் ஏத்துங்கண்ணே. ரெண்டு படகு ஆளும் சேந்து வந்தா எனக்கு ஏறாது."

செல்லமுத்து முனகினார். ஆனால் செய்தார். படகுக்கும் படகுக்கும் நடுவே ஐஸ் உடைக்கிற மிஷினை ஐந்து நிமிடம் நிறுத்தினார். இதற்குச் சலுகை என்று பெயர் வைக்காதீர்கள். கண் மங்கினவனுக்கு விளக்குப் போடுவதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

ஒருநாள் அவள் ஐஸ் ரூம் கதவோரம் உட்கார்ந்து தனியாகச் சிரிப்பதைப் பார்த்தார்.

"ஏத்தா, தஞ்சாவூர்ல மாத்திரைய மாத்திட்டாங்களா?"

"மூக்கண்ணன் வேட்டி இல்லாம நிக்கிறாருண்ணே."

"எங்கிட்டு?" செல்லமுத்து பதறித் திரும்பினார்.

"என் தலைக்குள்ள. ராக்கண்ணன் ஐஸ் மேல உக்காந்து பல்லு தேய்க்கிறாரு. நுரை அஜித் தலையில விழுது. அஜித் அதைத் தொடைக்க மூக்கண்ணன் வேட்டிய உருவிட்டான். ராக்கன் படகுல மூணு ஆளு, ஏறியாச்சு."

கதையைக் கட்டினதும் ஒரு தடவை சொல்வாள். டீ குடித்துவிட்டு ஒரு தடவை, அடுத்த படகு போனதும் ஒரு தடவை, வீட்டில் துணி அலசும்போது ஒரு தடவை. முதல் மாதம் ஒரே ஒரு படகு. ஆறாம் மாதம் ஐந்து. எட்டாம் மாதம் பதினொன்றும். ஸ்கேன் எடுத்த மூளைப் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. அந்தத் தழும்புகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஒரு மனுஷி கதை ஏற்றினாள். செல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கையில் வைத்த டீ ஆறிப்போகும்.

மறு வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை. மூன்று படகுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்தது. பெண்கள் டோக்கன் ஆபீஸ் பக்கம் ஓடினார்கள். முத்தாள் மட்டும் பாதியில் நின்று, பிளாண்டுக்குத் திரும்பினாள். அஜித் அவள் மகன்.

"இந்தத் தடவை ஒன்னைய நம்பலாமாடி?"

"நம்புங்க மதினி. தெரியாததத் தெரியலைன்னே சொல்றேன்."

பரிமளா கண்ணை மூடினாள். செல்லமுத்து மிஷினை அணைத்தார். முதல் படகில் ஐந்து பெயரை மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டாவதில் நாலு. அதற்குள் மற்ற பெண்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள்.

"மூணாவது படகுல அஞ்சு ஆளு. அஜித் இருக்கான், மதினி. கடைசி நிமிசம் மாறி ஏறினான். ஒரு கொக்கு அவனைத் தூக்கிட்டுப் போயி அந்தப் படகுல போட்டுச்சு. நல்லாத் தெரியுது." கண்ணைத் திறந்தாள். "அஞ்சாவது ஆளு எனக்கு ஏறல. புது ஆளு. யாருன்னு குத்துமதிப்பாச் சொல்ல மாட்டேன்."

முத்தாள் அழவில்லை. "சரி. இந்தத் தடவ தூங்க மாட்டேன்ல," என்றாள். மத்தியானப் பட்டியலுக்குக் காத்திருக்காமல், பரிமளா சொன்ன பெயர்களைச் செல்லமுத்துவிடம் மனுவில் எழுதி வாங்கிக்கொண்டு, பெண்கள் ஒன்பது மணி பஸ்ஸில் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினார்கள்.

மூன்று மணிக்குப் பட்டியல் வந்தது. செல்லமுத்து போனைப் பார்த்துப் பெயர் பெயராக வாசித்தார், ஒவ்வொன்றுக்கும் பரிமளா விரலை மடக்கினாள். ஐந்தாவது ஆள் கட்டுமாவடியிலிருந்து வந்த புதுப் பையன்.

பிடிபட்டவர்கள் பதினாலு பேர். பரிமளா சொல்லிச் சரியாக வந்தது பதிமூன்று.