கீழ்நோக்கி எண்ணும் ஊரில் ஆறு நாகரிகங்கள்

கடந்த மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நான் கோலார் தங்க வயலுக்குப் புறப்பட்டது ஊர் பார்க்க அல்ல. பதினோரு ஆண்டுகளாக நான் உருவாக்கி வந்த பலகை விளையாட்டு ஒன்றை ஆறு பேர் முடிவு வரை ஆடுவார்களா என்று பார்க்கவே போனேன். நைல், யூப்ரடீஸ், சிந்து, மஞ்சள் ஆறு, கிரீட் தீவு, காவிரி முகத்துவாரம் என ஆறு பண்டைய நாகரிகங்கள், ஆளுக்கு ஒன்று, ஆட ஏழு மணி நேரம். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அதில் இரண்டு குறைகள் கண்டார். சாதாரண மனிதர்கள் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள் என்பது ஒன்று. இரண்டாவது மணியில் முந்தியவரே ஏழாவது மணியிலும் வெல்கிறார் என்பது மற்றொன்று. ஆக்கியவர் வாய் திறக்காமல் ஆறு பேர் ஆடி முடித்துக் கையொப்பமிட்டுத் தந்தால் அச்சிடுவதாகச் சொன்னார். என் கல்லூரிச் சகாக்கள் அறுவர் மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் பாதியில் எழுந்து போனார்கள். ஒருவர் தமது முறை வரும்வரை செய்தித்தாள் படித்தார். அதை நான் மறக்கவில்லை.

சென்னை சென்ட்ரலில் காலை ஏழு இருபதுக்குப் பெங்களூர் வண்டி. பங்காருப்பேட்டை வரை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ரூ. 8.40. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் இறங்கினேன். அங்கிருந்து தங்க வயலுக்குக் கிளை வண்டி பகல் ஒரு மணி பத்துக்கு. கட்டணம் 45 காசு. இடைப்பட்ட நேரத்தில் சாப்பிட்டுவிடுவது நல்லது, கிளை வண்டியில் எதுவும் கிடைக்காது. அந்த வண்டி அவசரப்படுவதில்லை. சிறிது தூரத்தில் சாம்பல் வெண்மையில் மலைகள் தோன்றின. புல் இல்லை, மரம் இல்லை. பாறையை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் அது என்று தெரிந்திருந்தும், வெயிலில் அவற்றின் விளிம்பு அசைவதைப் பார்த்தபோது, யாரோ ஊரைத் துணியில் வரைந்து காற்றில் பிடித்திருப்பதாகவே தோன்றியது.

சாம்பியன் நிலையத்தில் இறங்கி ஆண்டர்சன்பேட்டைக்கு ஜட்கா பிடித்தேன். ஒரு ரூபாய். ஒன்பது கிலோ எடையுள்ள என் பெட்டியை வண்டிக்காரர் தூக்கிப் பார்த்தார்.

"பொட்டில இன்னா சார் கீது, கல்லா?"

"விளையாட்டு."

"இம்மாம் பெரிசாவா? யாரு ஆடுறது, யானையா?"

என்னை எதிர்பார்த்திருந்தவர் கௌதமன். என் முன்னாள் மாணவர், நந்திதுர்க் சுரங்கத்தில் வரைபடம் தீட்டுபவர். ஐந்து பேரைத் திரட்டியிருந்தார். சுரங்கத்தில் தாங்குமரம் நிறுத்தும் மாசிலாமணி, அவர் மனைவி பவுனம்மாள், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டை இயக்கும் சகோதரர் இருவர், ஒரு ஜவுளிக்கடைக்காரர். கௌதமனோடு ஆறு.

ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு வாசகசாலை மேசையில் பலகையை விரித்தார்கள். நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். கௌதமன் விதிகளை உரக்கப் படித்தார். "ஒவ்வொருவரும் முதல் நிலையில் தொடங்கிப் பத்தாம் நிலையை அடைய வேண்டும்."

"நிலைன்னா இன்னாபா?" என்றார் மாசிலாமணி.

"லெவல்ணா."

"அப்டி சொல்லு."

சொல்லிவிட்டுத் தம் காயை, பலகையில் வரைந்திருந்த ஏணியின் உச்சிப் பட்டையில் வைத்தார். மற்ற ஐவரும் அப்படியே வைத்தார்கள். பட்டைகளுக்கு நான் எண் இடவில்லை. முதல் நிலை அடியில் இருக்கும் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்திருந்தேன். இவ்வூர்ச் சுரங்கங்களில் முதல் லெவல் தரைக்கு அருகே இருப்பது. எண் கூடக்கூட ஆழம் கூடும். வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. பதினோரு ஆண்டு உழைப்பு தலைகீழாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு மாசிலாமணியின் கிரீட் தீவு நான்காம் லெவலில் இருந்தது. பவுனம்மாளின் சிந்து இன்னும் முதலிலேயே. முந்தியவர் மேலும் முந்தும் அந்தப் பழைய குறை தொடங்கிவிட்டது. அப்போது கேஜ் ஓட்டும் மூத்தவர் தடுத்தார்.

"இரு மாசி. நீ பாட்டுக்கு எறங்கிகினே கீற. கேஜ் இழுக்கிறவன் மேலதானே கீறான்? அவனுக்கு ஒண்ணும் குடுக்காம எப்டி எறங்குவ?"

விதிநூலில் தேடினார்கள். இல்லை. என்னைப் பார்த்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். விடுபட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தாங்களே ஒன்று வகுத்தார்கள்: இறங்குபவர், எல்லோருக்கும் மேலே இருப்பவரிடம் தம் பொருள் சீட்டுகளில் மரச் சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

"மரத்த வைய்யா, அப்புறம் கயிறு வுடறேன்," என்றார் பவுனம்மாள்.

"கட்ன புருசன்கிட்டயாம்மே?"

"சிந்து நதில யாரு புருசன்?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஒரே ஒரு வாக்கியத்தில் அவர்கள் செய்ததை நான் உணர அதைவிட நேரமாயிற்று. பின்தங்கியவரிடம் மரம் சேர்ந்தது, முந்தியவர் தாமதித்தார். ஆறு நாகரிகங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கின. பட்டைகள் எனக்கு அகழ்வாய்வுக் குழியின் அடுக்குகளாகத் தெரிந்தன: செங்கல் படுகை, சாம்பல் படுகை, எலும்புப் படுகை. மண்ணைத் தோண்டத் தோண்டப் பழைய நகரங்கள் வரும் என்பது வரலாறு கற்பிக்கும் எனக்குத் தெரியும்; இருந்தும் முப்பது ஆண்டுகளாக மாணவர்களிடம் நாகரிகம் மேலே ஏறுவதாகவே சொல்லியிருக்கிறேன். பிற்பகல் வெளிச்சம் மேசைமீது நீர்போலக் கிடந்தது. அதன் அடியில் நகரங்கள் அமிழ்வதாகத் தோன்றியது.

இரண்டு நாற்பதுக்குத் தரை குலுங்கியது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் இங்கே வீடுகளும் ஆடும். காய்கள் உருண்டு தரையில் சிதறின. யாரும் குனியவில்லை. ஆறு பேரும் சுரங்க விபத்தை அறிவிக்கும் சங்கொலிக்காகக் காது கொடுத்து அசையாமல் இருந்தார்கள். சங்கு ஒலிக்கவில்லை. "ஆள் இல்லாத எடம்," என்று மாசிலாமணி மூச்சு விட்டார்.

ஆட்டம் முடிந்தது என்று எண்ணினேன். எந்தக் காய் எங்கே இருந்தது என்று குறித்து வைக்க என் விதிகளில் வழியில்லை. பவுனம்மாள் குனிந்து காய்களைப் பொறுக்கினார், ஒவ்வொன்றாக வைத்தார். "கௌதமா, உன் நைலு ஏழாவது லெவலு. கடைக்காரர் ஆறு. இந்தாளு ஒம்போது. நானு எட்டு." அறுவரின் கையிலும் எத்தனை மரச் சீட்டு இருந்தது என்பதையும் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு அவருடைய சிந்து பத்தாம் லெவலைத் தொட்டது. இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி தவிர எவரும் எழவில்லை. நால்வர் கையொப்பமிட்டார்கள். மாசிலாமணியும் பவுனம்மாளும் கைநாட்டு வைத்தார்கள்.

புதன்கிழமை அந்தத் தாளைப் பதிப்பாளரிடம் கொடுத்து, ஏணி தலைகீழானதையும் புது விதியையும் சொன்னேன். அவர் விதிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்து, "கைநாட்டு இருக்கிறதே சார். சுரங்கக் கூலிகள் ஆடினார்கள் என்று விளம்பரம் செய்ய முடியுமா? ஆறு பட்டதாரிகளிடம் வாங்கி வாருங்கள். ஏணியையும் மேல்நோக்கியே வைத்துவிடுவோம்," என்றார். நான் ஆறு பட்டதாரிகளையும் அறிவேன். அவர்கள் பாதியில் எழுந்து போனவர்கள். தாளை அவர் விரல்களிலிருந்து எடுத்து மடித்து, பெட்டியுடன் வெளியே வந்தேன். அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் தங்க வயலில் சேர்த்தேன்.

ஆகவே, இதை எந்தக் கடையிலும் தேட வேண்டாம். ஆட விரும்புவோர் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ராபர்ட்சன்பேட்டை விடுதிகளில் அறை நாளுக்கு ஆறு ரூபாய். ஞாயிறு காலை ஒன்பதுக்குள் ஆண்டர்சன்பேட்டை வாசகசாலையில் இருக்க வேண்டும். சாப்பாடு கட்டி வாருங்கள். வெண்மண் மலைகளின் பக்கம் காற்று வீசும்போது போகாதீர்கள், கண் எரியும். தரை குலுங்கினால் பேசாதீர்கள். அவர்கள் பேசும்வரை காத்திருங்கள்.

முழுதாக ஆடி முடித்தவர்கள் பலகையையும் விதிகளையும் நகல் எடுத்துக்கொள்ளலாம். கெட்டி அட்டையும் மையும் நீங்களே கொண்டு வர வேண்டும். விலை கிடையாது. நிபந்தனை ஒன்றே: ஆக்கியோர் என்று ஏழு பெயர்களையும் அட்டையில் எழுத வேண்டும். பவுனம்மாள், மாசிலாமணி என்று தொடங்குங்கள். என் பெயர் கடைசியில் வரட்டும்.