இடப்பக்க இருக்கை

ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றொன்றின் நிழல் மாலைதோறும் வந்து விழுகின்ற, தாமான் எனப்படும் ஒரு குடியிருப்பில் என் வீடு இருக்கிறது. அதன் முகப்பில், அக்கம்பக்கத்தார் துணி உலர்த்தவும் சைக்கிள் நிறுத்தவும் பயன்படுத்தும் தகரக் கூரையின் கீழ், பாசிப்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. வெள்ளையர் நாட்டில் செய்யப்பட்டது, தாழ்வானது, மேற்கூரை இல்லாதது. அதற்கு இரண்டே இருக்கைகள். வலப்பக்கத்து இருக்கை ஓட்டுபவனுக்கு உரியது. இடப்பக்கத்து இருக்கையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நானும் என் மனைவியும் அவளுடைய அண்ணனும் சுங்காயை அடுத்த ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அக்காலத்தில் தோட்டத்துத் துரை இதே வகையைச் சேர்ந்த கார் ஒன்றை வைத்திருந்தார். காலையில் அவர் பாலுக்காக மரம் வெட்டும் இடங்களைப் பார்வையிடப் புறப்படும்போது அந்த எஞ்சினின் உறுமல் எங்கள் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டிக் கேட்கும். பிள்ளைகள் நாங்கள் செம்மண் புழுதியில் அதன் பின்னால் ஓடுவோம். துரையின் இடப்பக்கத்தில் அவருடைய நாய் அமர்ந்திருக்கும். காற்றுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு, எங்களில் ஒருவரையும் திரும்பிப் பாராமல், அது பெரிய மனிதரைப் போலப் போகும்.

திருமணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின், நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். அந்த நாய் உக்காந்த எடத்துல ஒரு தடவை உக்காரணும்."

பக்கத்தில் பசியாறிக்கொண்டிருந்த மைத்துனர் சிரித்தார். "அப்ப நாக்க வெளிய தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் போவணும்லா."

"போறேன், ஒங்களுக்கென்ன?" என்றாள் அவள்.

நான் ஓய்வு பெற்ற பிறகே அது கைகூடியது. பழைய இரும்பு வாங்கும் கடையொன்றின் பின்புறம், புல் முளைத்த தரையில், அந்தக் காரின் கூட்டைக் கண்டேன். துரையின் கார் அதுவன்று. அதன் உடன்பிறப்பு என்று சொல்லலாம். லாரியிலிருந்து அதை இறக்கியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மைத்துனர் தாப்பாவில் மலைக்குச் செல்லும் பேருந்துகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். அவர் காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எஞ்சினு இல்ல மாப்ள, எலிக் கூடு," என்றார்.

"ஓடுமா மச்சான்?"

"எலி ஓடும்."

என் மனைவி அதற்குள் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இருக்கை இல்லை, கம்பிச் சுருள்களும் துருவும் மட்டுமே இருந்தன. "ரெண்டு சீட்டுதான். எங்கண்ணன் எங்க உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

"நான் பின்னாலயே ஓடி வாரேன், தங்கச்சி. பழகுன வேலைதானே."

அன்றுமுதல் அவர் சனிக்கிழமைதோறும் தாப்பாவிலிருந்து பேருந்தேறி வரலானார். இரும்புக் குழாய்களால் முக்காலி கட்டி, பளு தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, எஞ்சினை வெளியே தூக்கினோம். பிஸ்டன்கள் சிலிண்டர்களோடு ஒட்டிப்போயிருந்தன. நாள்கணக்கில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாக விடுவித்தோம். சமையலறையிலிருந்து ஏனங்கள் வெளியேறத் தொடங்கின. "பிஸ்டன் கழுவ என் தோசமாவு ஏனந்தான் கெடச்சிச்சா?" என்று அவள் சத்தமிடாத வாரம் இல்லை. ஆயினும், மதிய உணவுக்குப்பின் தானே வந்து, நாங்கள் அமரும் கட்டையில் அமர்ந்து, வால்வுகளைத் துணியால் தேய்த்துத் துடைப்பாள். துடைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அதுவும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு என்பதைப் போல.

எஞ்சின் அவ்வாறு துண்டுதுண்டாகக் கிடந்த காலத்திலேயே அவள் போய்விட்டாள். நோய் நீளவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குச் சொற்பயிற்சி போதாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னர் நான் எல்லாப் பாகங்களையும் சாக்குத் துணியால் போர்த்திவிட்டேன். அடுத்து வந்த சனிக்கிழமையன்று வாசலில் இரும்புக் கதவு ஒலித்தது. மைத்துனர் உள்ளே வந்து, சாக்கை விலக்கி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். "தே போடு மாப்ள," என்றார். நான் அடுப்படிக்குச் சென்றேன். அங்கே நின்றபோதுதான் ஒன்றை உணர்ந்தேன். அவர் வேலைக்கிடையில் தொண்டையைச் செருமுவது அப்படியே அவளுடைய செருமல். 'என்னாது' என்று அவர் ஒரு திருகாணியிடம் எரிந்து விழும்போது, அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை இழுப்பது அவள் இழுப்பே. ஒரு தாயின் பிள்ளைகள், வியப்பதற்கு இல்லை. ஆனாலும் நான் தேநீரை மெதுவாகவே ஆற்றினேன். சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கேட்கும்வரை அவளும் அந்த வீட்டில் இருப்பதாகத் தோன்றிற்று.

அதன்பின் எனக்கு இந்த வேலையில் அவசரம் இருந்ததில்லை. சிலிண்டர்களைக் கடைந்து தர ஈப்போவின் சீனப் பட்டறைக்காரர் மாதக்கணக்கில் தாமதித்தபோது மைத்துனர் பொரிந்து தள்ளினார். நான் அந்தச் சீனரை மனத்துக்குள் வாழ்த்தினேன். கார் ஓடத் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைகளுக்கு வேறென்ன காரணம் சொல்ல முடியும்?

ஆனால் காரணம் வேறொரு பக்கமாகத் தீர்ந்தது. மைத்துனரின் மகன் ஜொகூரில் வீடு வாங்கியிருந்தான். முழங்கால் தேய்ந்துபோன தகப்பனைத் தாப்பாவில் தனியே விட்டுவைக்க அவனுக்கு மனமில்லை. தீபாவளி முடிந்ததும் அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. அதை என்னிடம் சொல்லும்போது மைத்துனர் கார்பரேட்டருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள இத முடிச்சுப்புடணும் மாப்ள. ஒரு தடவை தோட்டத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துட்டா போதும். அப்புறம் நான் ஜொகூர்ல பேரன்கூட டிவி பாத்துக்கிட்டு செத்துப் போறேன்."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மச்சான்."

"நீ கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க. அத மொதல்ல பாரு."

நான் கையை அசைத்தேன். பிஸ்டன் வளையங்களைப் பொருத்தினோம். வால்வுகளைப் பசை தடவித் தேய்த்து அமரச் செய்தோம். எஞ்சினைக் காருக்குள் இறக்கினோம். மிச்சமிருந்தது எஞ்சினின் தலைமேல் வரும் மூடிக்கும் தலைக்கும் இடையே வைக்கும் தக்கைப் பட்டை ஒன்றுதான். எண்ணெய் கசியாமல் காப்பது அது. பழையது கை பட்டதும் தூளாகிவிட்டது. புதியதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தேன். அது வரும் வழியில் எங்கோ தங்கிவிட்டது. தீபாவளியோ வந்து போய்விட்டது.

என் மனைவியின் தையல் இயந்திரத்தின் கால்களுக்கடியில் ஒரு ரப்பர் ஷீட்டு விரித்திருந்தது. தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைப்பதற்கு முன் அவளே எடுத்த பாலை உறையவைத்து, புகைக்கொட்டகையில் உலர்த்தியவற்றில் ஒன்று. தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். மிதிக்கும்போது இயந்திரம் நகராதிருக்க அதை அங்கே வைத்திருந்தாள். நான் அதை எடுத்து வந்து மைத்துனர் முன் வைத்தேன்.

அவர் அதை முகர்ந்து பார்த்தார். "இது வேகாத ரப்பர்லா. டயரு மாதிரி வேக வச்சது இல்ல. சூடு தாங்காது."

"மேல் மூடிதானே மச்சான். அங்க எண்ணெய் சும்மா தெறிக்கும், அவ்வளவுதான்."

பேருந்து பழுது பார்த்தவர் என்ற முறையில் அவர் மறுத்திருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கோ ரப்பரால் ஆகாதது எதுவுமில்லை. ஒழுகும் கூரைக்கும், ஓட்டை வாளிக்கும், கிழிந்த செருப்புக்கும், காலில் பட்ட வெட்டுக்கும் பால் பூசியே வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் சற்று நேரம் ஷீட்டைக் கைகளில் திருப்பிக்கொண்டிருந்தார். பின்பு, "கத்திரிக்கோல் கொண்டா. அவ தையல் கத்திரிக்கோல்," என்றார். அவரே வெட்டினார்.

அன்று மாலை எஞ்சின் முதன்முதலாக உயிர் பெற்றது. சில நிமிடங்களே ஓட்டினோம். எதிர்வீட்டு மலாய்க்காரர் கைதட்டினார். ஒரு சொட்டும் கசியவில்லை.

புறப்பட்ட நாளன்று சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்களை வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தேன். இடப்பக்கத்துக்குப் புதுத் தோல் தைத்த இருக்கை போட்டிருந்தோம். நான் கதவைத் திறந்துவிட்டேன். மைத்துனர் ஏறவில்லை.

"நீ போ மாப்ள. நான் பஸ்ஸுல சுங்காய்க்கு வந்துடுறேன்."

"என்ன மச்சான் இது?"

"அது தங்கச்சி எடம்லா. நான் பின்னால ஓடி வர்றதாத்தான் பேச்சு."

வேடிக்கைபோலவே சொன்னார், ஆனால் கால் நகரவில்லை. நான் வற்புறுத்த வழியறியாமல் எஞ்சினைச் சூடேற்றியபடி நின்றேன். அப்போது அவர் பார்வை காரின் திறந்திருந்த முன்மூடிக்குள் சென்று நிலைத்தது. ரப்பர்ப் பட்டையின் ஓரத்தில், வெட்டிய மரத்தில் பால் கசிவதைப்போல, எண்ணெய் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இளகுது," என்றார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். இன்று போகாவிட்டால் இனிப் போவதற்கில்லை என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் காலையில் மகன் வருகிறான். அவர் உள்ளே போய் எண்ணெய் டின்களை அள்ளிக்கொண்டு வந்தார். "நின்னு நின்னு ஊத்திக்கிட்டே போகணும். ஒண்டியா ஒனக்கு வராது," என்று யாரையோ கடிந்துகொள்பவர்போல முணுமுணுத்து, இடப்பக்கத்தில் ஏறி, டின்களை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையின் விளிம்பில் அமர்ந்தார். முதுகைச் சாய்க்கவில்லை.

நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பழைய சாலையில் சென்றோம். கோப்பெங், கம்பார், தாப்பா என்று ஊருக்கு ஊர் நிறுத்தி, எண்ணெய் ஊற்றி, ஆறவிட்டுப் புறப்பட்டோம். தாப்பாவில் அவருக்குப் பழக்கமான கடையில் தேநீர் அருந்தினோம். "என்னண்ணே, இந்த வயசுல ரேசா?" என்று கடைக்காரர் கேட்டார். "மாப்ளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்," என்றார் மைத்துனர். சொன்னவர் உடனே முகம் மாறி, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

தோட்டத்து மண்சாலையில் திரும்பியபோது வெயில் உச்சியில் இருந்தது. இருபுறமும் செம்பனை. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. சிறு மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்துடன் நின்றது. அதன் எதிரே, புகைக்கொட்டகை இருந்த மேட்டில் காரை நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இளகிய ரப்பர் மூடியிலிருந்து வழிந்து சூடான புகைக்குழாய்மேல் சொட்டியிருக்க வேண்டும். மெல்லிய நீலப் புகை எழுந்து எங்களைச் சூழ்ந்தது.

அது எண்ணெய் கருகும் நாற்றமன்று. விறகுப் புகை ஏறிய ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கும் கொட்டகையின் வாசம் அது. வேலை விட்டு வரும்போது அவளுடைய கூந்தலில் இருந்த வாசம்.

நான் சாவியில் கைவைத்தேன்.

"நிப்பாட்டாத மாப்ள," என்றார் மைத்துனர்.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது. எந்த ஓட்டுநராவது இப்படி எஞ்சினை ஓடவிட்டிருந்தால் ஸ்பேனரை எறிந்திருப்பார் அவர். ஆனால் அன்று அவர் முள்ளைப் பார்க்கவில்லை. கண்களை மூடியிருந்தார். அவருடைய முதுகு அறியாமலே இருக்கையில் சாய்ந்திருந்தது. என் கை சாவியிலேயே இருந்தது. முள் இறங்கியது. எஞ்சினுக்குள் எங்கோ ஒரு தட்டல் ஓசை தொடங்கிற்று. அவர் தொண்டையைச் செருமினார். பிறகு என் கைக்குமேல் தம் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார்.

"போதும்லா. அவ ஏசுவா," என்றார்.

செம்பனை ஓலைகளுக்கிடையில் காற்று மட்டும் இருந்தது. புகை கலையும்வரை நாங்கள் இறங்கவில்லை.

சுங்காயிலிருந்து லாரி வரவழைத்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். மறுநாள் அவர் ஜொகூருக்குப் போய்விட்டார். தக்கைப் பட்டை அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது; உறை பிரிக்காமல் தையல் இயந்திரத்தின் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவர் தொலைபேசியில் அழைப்பார்.

"பட்டையை மாத்திட்டியா மாப்ள?"

"இன்னும் இல்ல மச்சான்."

"ஒரு மணி நேர வேலைலா அது."

"தெரியும்."

தொண்டைச் செருமல் ஒன்று கேட்கும். பிறகு அவர் முழங்காலைப் பற்றியும் பேரனின் சேட்டைகளைப் பற்றியும் சொல்லத் தொடங்குவார்.

வெயில் கடுமையான பிற்பகல்களில் நான் காரின் முன்மூடியை உயர்த்திப் பார்ப்பதுண்டு. எஞ்சின் ஓடாவிட்டாலும், தகரக் கூரையின் வெக்கையில் அந்த ரப்பர் சற்றே இளகி, வாசம் லேசாக எழும்பும். ஒருமுறை மூச்செடுத்துக்கொள்கிறேன். பின்பு, அது தீர்ந்துபோய்விடக் கூடாதென்று, விரைந்து மூடிவிடுகிறேன்.