மூன்று பேரும் வந்துவிட்டார்கள்

இது ஆபிதாவுக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவளோ கணக்கு டீச்சர். எதையும் கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். கையில் எப்போதும் வாட்ச் இருக்கும். அதனால் இதில் வரும் நேரமெல்லாம் அவள் பார்த்த நேரம்தான்.

தென்னூரில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் புதிதாக எஸ்கேப் ரூம் திறந்திருந்தார்கள். உள்ளே விட்டு அடைத்துவிடுவார்கள். ஒளித்து வைத்த சாவிகளையும் குறிப்புகளையும் கண்டுபிடித்து அறுபது நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

மே மாத லீவு. வையம்பட்டியிலிருந்து தங்கை தஸ்லிமா வந்திருந்தாள். அவளுக்கு எங்கேயாவது போக வேண்டும். ஆபிதாவோடு அதே பள்ளியில் வேலை பார்க்கும் மாலினி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். ஆபிதாவின் பத்து வயது மகள் ருக்ஸார், "எனக்குப் பயம், நான் வரல" என்று பாலக்கரை வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆபிதாவின் கணவருக்கு வெளிநாட்டில், தம்மாமில் வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர் பெனடிக்ட். நாற்பது வயதிருக்கும். மூன்று பேரின் போன், கைப்பை எல்லாவற்றையும் வாங்கி வரவேற்பு மேஜை மேல் ஒரு தட்டில் வைத்தார். தஸ்லிமாவின் இன்ஹேலரும் அந்தப் பையோடு போய்விட்டது. அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை.

"நான் கேமராவுல பாத்துட்டே இருப்பேன் மேடம். ஹெல்ப் வேணும்னா இதுல கேளுங்க." ஒரு வாக்கி-டாக்கியை ஆபிதாவிடம் கொடுத்தார்.

மணி 3:05. கதவைச் சாத்தினார்.

பழைய ஜமீன் ஆபீஸ் மாதிரி ஜோடித்த அறை. மேஜை, நாற்காலி, சுவரோரம் ஒரு மரப் பீரோ. முதல் பூட்டை மாலினி திறந்தாள். இரண்டாவது பூட்டு யாருக்கும் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே தேடினார்கள்.

3:23. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"பீரோவுக்குப் பின்னாடி பாருங்க..."

ஒரு பெண்ணின் குரல். மெதுவான, மரியாதையான குரல். இங்கே வேலை செய்யும் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தார்கள்.

மூவரும் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு சின்னக் கதவு. குனிந்து உள்ளே போனார்கள்.

அங்கே எந்த ஜோடிப்பும் இல்லை. வெறும் சுவர். மஞ்சள் பெயின்ட் உரிந்து தொங்கியது. ஈர வாடை. ஒரே ஒரு குண்டு பல்பு. தரையில் நடுவே ஓர் இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது, யாரோ ரொம்ப நாள் அங்கேயே உட்கார்ந்திருந்த மாதிரி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. 3:26.

"மூணு பேர்தானா?" என்றது குரல்.

"ஆமாங்க. அடுத்து என்ன பண்ணணும்?"

"ரெண்டு பேர் போகலாம். ஒருத்தர் இங்க இருக்கணும்."

மாலினி சிரித்தாள். "நல்லா பயமுறுத்துறாங்க."

கதவைத் தள்ளினார்கள். அசையவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார்கள். பூட்டு இல்லை, எண் இல்லை, குறிப்பு இல்லை. மேலே பார்த்தார்கள். கேமராவும் இல்லை.

3:31. தஸ்லிமா இருமத் தொடங்கினாள்.

ஆபிதாவுக்கு அந்த இருமல் தெரியும். சின்ன வயதிலிருந்து ராத்திரி ராத்திரியாகக் கேட்ட இருமல். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் வந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எலும்பு எழும்பியது.

"பெனடிக்ட் சார்! விளையாட்டை நிறுத்துங்க! என் தங்கச்சிக்கு வீசிங்! கதவைத் திறங்க!"

கரகரப்பு.

"யாரு இருக்கீங்க?" அதே குரல்.

"உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சுக்கோங்க... தயவுசெஞ்சு..."

"யாரு இருக்கீங்க?"

மாலினி கதவை இரண்டு கையாலும் அடித்தாள். நகம் பிளந்து ரத்தம் வந்தது. ஆபிதா தோளால் இடித்தாள். மரக்கதவு, பாறை மாதிரி நின்றது.

3:40. தஸ்லிமாவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. "அக்கா..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

ஆபிதா மாலினியைப் பார்த்தாள். மாலினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிடத்தை நினைத்து மாலினி இன்றைக்கும் அழுகிறாள்.

"நான் இருக்கேன்," என்றாள் ஆபிதா. "அவங்களை விட்டுடுங்க."

கதவு திறந்தது.

சத்தமே இல்லாமல்.

மாலினி தஸ்லிமாவை வெளியே தள்ளி, தானும் தாண்டினாள். திரும்பி ஆபிதாவுக்குக் கை நீட்டினாள்.

கதவு சாத்திக்கொண்டது. பல்பு அணைந்தது.

ஒரே இருட்டு. ஆபிதா சுவரோடு ஒட்டி நின்று, பாதுகாப்புக்காக ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். பாதியில் வரி மறந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி மறந்தது.

வாக்கி-டாக்கியை அழுத்தி அழுத்திக் கத்தினாள். "மாலினி மிஸ்... நான் இங்கதான் இருக்கேன்... யாராவது வாங்களேன்..."



வாட்ச்சின் பச்சை முள் மட்டும் தெரிந்தது. 3:45... 3:49... 3:52...

இனி யாரும் வரப்போவதில்லை என்று தோன்றியது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

தரை வழவழப்பாக இருந்தது.

கொஞ்சம் சூடாகவும்.

யாரோ அப்போதுதான் எழுந்து போன மாதிரி...

3:58. வெளிச்சம். பெனடிக்ட்டின் முகம்.

"மேடம்... நீங்க எப்படி உள்ள?"

"இவ்வளவு நேரம் என்ன சார் பண்ணீங்க?"

"மூணு பேரும்தான் வெளியே வந்துட்டீங்களே! இப்பதான் வாக்கில உங்க குரல் கேட்டுச்சு. இது பழைய சாமான் போடுற ரூம் மேடம். கேம்லயே இல்ல. இந்தக் கதவுக்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது."

"அப்ப அந்தப் பொண்ணு? வாக்கில பேசினாங்களே?"

"எந்தப் பொண்ணு? இங்க நான் ஒருத்தன்தான்."

வரவேற்பறையில் தஸ்லிமா இன்ஹேலரோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராகியிருந்தது. ஆபிதாவைப் பார்த்து, "போன் பேசப் போனியே, அந்தப் பக்கமா எப்படிக்கா வரே?" என்றாள்.

"யாரு போனா?"

"நீதான். என் தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தே. இன்ஹேலர் எடுத்துக் கொடுத்தே. வீட்டு அட்ரஸ் கூட கேட்டே... நான் நினைவோட இருக்கேனான்னு பாக்குறியோன்னு நினைச்சுச் சொன்னேன். அப்புறம் போனை எடுத்துட்டு வெளியே போயிட்டே."

மாலினி குறுக்கிட்டாள். "நானும் பாத்தேன், மிஸ். நான் நீட்டின கையைப் பிடிச்சுட்டு நீங்களும் வெளியே வந்தீங்க. உங்களோட அதே கறுப்புப் பர்தா. முகத்தை மூடியிருந்தீங்க. நீங்க எப்பவும் மூட மாட்டீங்களே... அழறீங்கபோலன்னு விட்டுட்டேன்."

பெனடிக்ட் கேமராப் பதிவைப் போட்டார். 3:41. மாலினி வருகிறாள். பின்னால் தஸ்லிமா. அவள் தோளில் ஒரு கை. கறுப்புப் பர்தா.



ஆபிதாவின் போன் மாடிப்படியில் கிடந்தது. அதை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ருக்ஸாரின் நினைவு மட்டும்தான். கூப்பிட்டுப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. "சீக்கிரம் போங்கண்ணே, சீக்கிரம் போங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

4:26. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். ருக்ஸார் திறந்தாள். கையில் பிஸ்கட் பாக்கெட். ஆபிதா அவளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஏம்மா அழறீங்க?"

"யாராவது வந்தாங்களா கண்ணு?"

"இல்லையே. நீங்கதான் போன் பண்ணி, வந்துட்டிருக்கேன், கதவைத் திறந்து வைன்னு சொன்னீங்க. திறந்து வெச்சேன்."

"அப்ப ஏன் சாத்தியிருந்துச்சு?"

"மறுபடி நீங்கதானே கூப்பிட்டு, உள்ள வந்துட்டேன், இப்ப சாத்திடுன்னு சொன்னீங்க?"

ஆபிதா போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டு நம்பருக்கு இரண்டு அழைப்புகள் போயிருந்தன. முதலாவது 3:52.

இரண்டாவது 4:19. அப்போது அந்தப் போன் அவள் கையில்தான் இருந்தது, ஆட்டோவில்.