எல்லாவற்றுக்கும் யெஸ் மிஸ்

நாலாம் வகுப்பில் மிஸ் எது கேட்டாலும் நாங்கள் கோரஸாக "யெஸ் மிஸ்" என்போம். மிஸ் சிரித்தால் சரியான பதில். முறைத்தால் சட்டென்று "நோ மிஸ்" என்று மாற்றிக்கொள்வோம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் இங்கிலீஷ் மீடியம் இப்படித்தான் ஓடியது. மிஸ் வடக்கே எங்கிருந்தோ புதிதாக வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று பள்ளியில் சட்டம் வேறு.

அந்த வாரம் பாடம் ஆஸ்பத்திரி. யாராவது டாக்டராகவும் நோயாளியாகவும் நடித்துக் காட்டுங்கள் என்று மிஸ் தினமும் கெஞ்சினார். நாங்களும் தினமும் யெஸ் மிஸ் சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

அன்று எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷன். உள்ளே போவதற்குமுன் என்னைப் பார்க்கவேண்டும் என்று அம்மா ஒரே அழுகையாம். காலையில் என்னைப் பள்ளியில் விடும்போது மாமா சொல்லியிருந்தார்: "சோத்து பெல்லு அடிச்சதும் மிஸ்ஸாண்ட சொல்லிட்டு ஜல்தி வந்துடு பாப்பா. கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பேன்."

பெல் அடித்தும் மிஸ் பாடத்தை விடவில்லை. எழுந்து, "மிஸ், அம்மா ஹாஸ்பிடல், ஆபரேஷன், கோ" என்றேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "வெரி குட்! கம், கம்!" என்று கரும்பலகைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"படுத்துக் காட்டுடி, அப்பதான் மிஸ்ஸுக்குப் புரியும்" என்று முதல் பெஞ்சுத் தோழி கிசுகிசுத்தாள். தரையில் படுத்து, வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். தோழி ஓடிவந்து கத்தியால் கீறுவதுபோல் விரலால் கீறினாள். எனக்கு அழுகை பீறிட்டது. மிஸ் கைதட்டினார். பிறகு வகுப்பையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். "மை மதர் இஸ் இன் ஹாஸ்பிடல்!" மொத்த வகுப்பும் குஷியாகக் கத்தியது.

அப்போதுதான் மாமா வாசலில் வந்து நின்றார். "இன்னாங்க மிஸ், அங்க எங்க அக்காவ உள்ள கூட்டிக்கினு போயிடுவாங்க, கொயந்தைய அனுப்புங்க!"

"ஓகே, ஓகே" என்று சிரித்துத் தலையாட்டினார் மிஸ். மாமாவின் கண் கலங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். "ஹாஸ்பிடல்?" என்று மெதுவாகக் கேட்டார். மாமா தலையசைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பொழுது சாயும்போதுதான் கண் விழித்தாள். பாவி மனசு, அதுவரை மிஸ்ஸைத் திட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் மதியம் பள்ளியிலிருந்து கிளம்பும்போது, என் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுவரை ஓடிவந்தவர் மிஸ்தான். மண்ணில் மண்டியிட்டு, என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு, அழுதபடி ஏதேதோ வேகமாகச் சொன்னார். ஒன்றும் விளங்கவில்லை. வழக்கம்போல "யெஸ் மிஸ்" என்றேன்.

அவர் பேசியது இங்கிலீஷே இல்லை என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது.