தட்டின் மூலைப் பொருக்கு

ஸெய்னுதீனுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஓர்ஸ் ஹில்லில் ஆனந்தராசாவின் பட்டறையில் பிளாஸ்மா மெசினின் சுடரால் உலோகத் தகடு வெட்டுகிறவன். கரண்ட் நின்றாலும் ஏசுவான், வந்தாலும் "இப்பதானா வாற?" என்று ஏசுவான். வீட்டில் மட்டும் பெட்டிப் பாம்பு. மனைவி றுக்கியா பதிலுக்கு ஏசமாட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவாள். அதை அவனால் தாங்க முடியாது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அவளுடைய வலது சுட்டுவிரல் வீங்கியது. துறைமுகக் கரையில் மீன் வெட்டும் கொட்டிலில் அவளுக்கு வேலை. "மீன் முள்ளுக் குத்தின" என்றாள். சீனி வருத்தக்காரி, நீரிழிவில் காயம் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஸெய்னுதீன் மீனை ஏசினான், கடலை ஏசினான். அவள் வரமாட்டாள் என்று சொல்லக் கொட்டிலுக்குப் போனான். அங்கே இன்னும் நாலு பெண்களின் சுட்டுவிரலில் துணிச் சுற்று.

"என்னக்கா, எல்லாருக்கும் முள்ளா?" என்று அவர்களில் ஒருத்தியான கமலாதேவியைக் கேட்டான்.

"முள்ளோ? இந்தப் பாழாய்ப்போன தட்டு! தூக்கேக்க மூலை கிழிக்குது. எவன் வெட்டினவனோ, அவன்ர கை விளங்காமப் போக!"

மீன் அடுக்கும் அந்தத் தகட்டுத் தட்டைப் புரட்டினான். போன மாதம் அவன் வெட்டிக் கொடுத்த தட்டு. அடிப்பக்கம் மூலைக்கு மூலை, உருகிய உலோகம் பொருக்காக உறைந்து கூராக நின்றது.

வீட்டுக்கு வந்து கத்தினான். "ஏன் சொல்லல்ல?"

"அவளுகள் ஒவ்வொரு நாளும் வெட்டினவன ஏசுறாளுகள். அது என்ட மனிசன் எண்டு அவளுகள்ட்டயும், அது நீங்க எண்டு உங்கள்ட்டயும் எப்படிச் சொல்ற?" என்றாள் றுக்கியா.

மெல்லிய தகட்டில் மூலைக்கு வந்ததும் கையை நிறுத்தித் திருப்பக் கூடாது. நின்ற அந்த நொடியில் சூடு ஏறி, தகடு உருகி அடியில் ஒட்டிவிடும். நிற்காமல் மூலையைத் தாண்டி ஓடி, கழிவுத் தகட்டில் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த பக்கத்தைப் பிடிக்க வேண்டும். ஸெய்னுதீனுக்குத் தெரியாததா? ஆனால் சுற்றுவதற்கு இடம் எங்கே? யுத்தம் நடந்த காலம், பேர்மிற் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு தகடும் ஊருக்குள் வராது. ஆனந்தராசா விரற்கடை இடமும் விடாமல், தட்டோடு தட்டு ஒட்டிக் கோடு கீறிக் கொடுப்பார். பொருக்கை அரத்தால் தேய்க்கவும் நேரம் தரமாட்டார். இவனும் ஏசிக்கொண்டே வெட்டினான். வெட்டினானே, அதுதான் இப்போது அவன் நெஞ்சைத் தின்றது.

அன்று பின்னேரம் டொக்டர் நாள் குறித்தார்.

மறுநாள் காலை, கொட்டிலிலிருந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான். ஆனந்தராசா புதுத் தகட்டில் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"இடம் விட்டுக் கீறுங்க, முதலாளி. நான் நிக்காமச் சுத்தி வெட்டுறன்."

"ஒரு தகட்டில ஒரு தட்டுக் குறையும். அடுத்த பேர்மிற் எப்ப வருமெண்டு உமக்குத் தெரியுமோ? ஒரு சின்னப் பொருக்குக்கு இவ்வளவு கதையோ?"

ஸெய்னுதீன் தட்டை மேசையில் கவிழ்த்து அடித்தான். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"சின்னனெண்டா விரல வெச்சு இழுங்க! ஒருக்கா இழுத்துக் காட்டுங்க!"

ஆனந்தராசா வீம்புக்குக் கையை நீட்டினார். மூலைக்குக் கிட்டப் போன விரல் அப்படியே நின்றது. மெல்லக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"றுக்கியாட விரல நாளைக்கு எடுக்கிறாங்க" என்றான் ஸெய்னுதீன். "கோட்ட அழிங்க, முதலாளி."