சங்கு அக்காவின் சுருதி

இஸ்திரிப் பெட்டிகள் சூடேறும் வரை சும்மா நிற்பது சங்கு அக்காவுக்கு ஆகாது. ஈரத்துணி மூட்டையின் மேல் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடி, சாமி பாட்டைத் தொடங்கிவிடுவார். அந்தச் சலவை நிலையத்தில் ஆலைச் சங்கு கிடையாது. அந்தக் குறையைத் தீர்ப்பதால் இவருக்கு இந்தப் பெயர். இவர் தொடங்கினால் எதிர்வீட்டு நாய் அடுத்த தெருவில் வாடகைக்கு இடம் தேடுகிறதாம். நாயே வந்து சொல்லவில்லை, காதில் விழுந்ததுதான்.

ஆனால் இவருக்குப் பின்னால் பாடக் கூச்சப்படுகிறவர் யாருமில்லை. இதற்கு மேல் கெடுக்க என்ன இருக்கிறது? வேலைக்குப் புதிதாக வந்தவள்கூட மறுநாளே வாயைத் திறந்துவிடுவாள். "நல்லாப் பாடினா சாமி ரசிச்சுக்கிட்டே தூங்கிடும்டி" என்பார் அக்கா. "நம்மள மாதிரிப் பாடினாத்தான் எழுந்து வந்து, என்ன வேணும்னு கேக்கும்."

போன மாதம் வேண்டியிருந்தது ஒரு ஜன்னல். வெள்ளைத் துணியில் தூசி படியும் என்று முதலாளி அதை ஆணியடித்து மூடியிருந்தார். ஆவியின் புழுக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். திறக்கச் சொல்லி முதலாளிக்குச் சொல்லி அனுப்பியும் ஆணி அப்படியே இருந்தது. மறுநாள் காலைப் பாட்டில் அக்கா ஓர் அடியைச் சேர்த்தார்: "ஜன்னலத் திறக்கச் சொல்லு சாமி, மூச்சு முட்டுது சாமி." அறையே வாங்கிப் பாடியது. முன்கூடத்தில் துணி வாங்க வந்தவர்களும் கேட்டார்கள்.

மாடி அறையிலேயே இருக்கும் முதலாளி இறங்கி வந்தார். ஆட்களின் முகம் அவருக்குத் தெரியாது. அந்தக் குரல் மட்டும் தினமும் தரையைத் துளைத்துக்கொண்டு கேட்கும். "அந்த ஓட்டைக் குரல் யாரோடது? அவளுக்கு இன்னையோட வேலை இல்ல. ஒவ்வொருத்தரா பாடுங்க, பாக்கலாம்."

அக்கா காலெடுத்து வைத்தார். அதற்குள் கல்யாணக் கச்சேரிகளில் பாடும் தேன்குரல்காரி அவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். தகரத்தைத் தரையில் இழுத்தது போல அந்த அடியைப் பாடினாள். அடுத்தவள் அதைவிட மோசம். மயங்கி விழுந்தவளோ அக்காவின் கரகரப்பையும் இருமலையும் சேர்த்தே பாடி எல்லாரையும் மிஞ்சினாள். பிறகு வரிசையாவது ஒன்றாவது! அத்தனை பேரும் சேர்ந்து பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கூரை அன்றைக்கு ஓரடி எழும்பி உட்கார்ந்தது என்பேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

"போதும்மா, போதும். அந்த ஆணியப் பிடுங்கித் தொலைங்க" என்றார் முதலாளி.

சங்கு அக்கா மட்டும் பாடவில்லை. கண்ணில் நீர் முட்டச் சிரித்தபடி, இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுகப் பொத்திக்கொண்டு நின்றார்.